80 டிரம் மாங்கூழும் ஒரு பாக்கெட் எண்ணெயும்

ஜூன் மாதத்தில் எங்கள் ஆலைக்குள் நுழைந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குத்தான் வேலை செய்யும். பெங்களூரா மாம்பழம் பழுக்கும் வாசனை முதல் இரண்டு நாள் மயக்கும், மூன்றாம் நாள் தலைவலி கொடுக்கும், அதன்பின் ஆகஸ்டு வரை இருப்பதே தெரியாது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள கூழ் ஆலைகளில் ஒன்றில் 14 ஆண்டுகளாக ஏற்றுமதித் தாள்கள் தயாரிப்பது என் வேலை. பழத்தைத் தொடுவதே இல்லை. என் விரலில் ஒட்டுவதெல்லாம் முத்திரை மைதான்.

ஒரு கண்டெய்னருக்கு 80 டிரம். ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் கிருமி நீக்கிய பையில் 215 கிலோ கூழ். கண்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்புமுன் விலைப்பட்டியல், டிரம் பட்டியல், ஆய்வகச் சான்று, விளைந்த நாட்டுச் சான்று என்று ஒரு கட்டுத் தாள் அதற்குமுன் தயாராக வேண்டும். கட்டின் அடியில் ஒரே ஒரு பத்தி கொண்ட தாள் ஒன்று இருக்கும். இந்தச் சரக்கு மரபணு மாற்றப்பட்ட எதிலிருந்தும் தயாரிக்கப்படவில்லை, அப்படிப்பட்ட எதுவும் இதில் சேர்க்கப்படவில்லை என்று உறுதி கூறும் தாள். கீழே மேலாளர் கையெழுத்து, ஆலை முத்திரை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலாளரிடம் கேட்டேன். "சார், மரபணு மாற்றிய மாம்பழம் என்று ஒன்று இருக்கிறதா?"

"எந்தச் சந்தையிலும் நான் பார்த்ததில்லை அம்மா."

"பிறகு எதற்கு சார் இந்தத் தாள்?"

"வாங்குகிறவர் கேட்கிறார், கொடுக்கிறோம். அடுத்த கண்டெய்னரைப் பாருங்கள்."

அடுத்த கண்டெய்னரைப் பார்த்தேன். அதற்கடுத்ததையும் பார்த்தேன். இப்படி எத்தனை தாள் அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. இல்லாத ஒன்றை இல்லை என்று எழுதித் தருவதில் எனக்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்லை, 2021-ஆம் ஆண்டு மழைக்காலம் வரும்வரை.

எண்ணெய் விலை ஏறியிருந்த சமயம் அது. கடலை எண்ணெய் டின்னைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோகிற நிலை. காவேரிப்பட்டணத்தில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் மளிகைக் கடைத் தம்பி, "இதை எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, இதுதான் கட்டுப்படியாகும்" என்று சோயா எண்ணெய் பாக்கெட் ஒன்றைக் கையில் வைத்தார். எந்தப் பொட்டலம் வந்தாலும் முன்னும் பின்னும் திருப்பிப் படிக்காமல் பையில் போட எனக்குக் கை வராது. இது தொழில் நோய். கல்யாணமான புதிதில் என் மாமியார் இதைச் சந்தேகப் புத்தி என்றே நினைத்திருந்தார். 14 இலக்க உரிம எண் இருந்தது. பச்சைப் புள்ளி இருந்தது. வைட்டமின் ஏ, டி சேர்த்ததற்கான குறி இருந்தது. தேதி, விலை, எடை எல்லாம் ஒழுங்கு. மூலப்பொருள் என்ற இடத்தில் சுத்திகரிக்கப்பட்ட சோயா எண்ணெய். அவ்வளவுதான்.

இந்தியா ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல் சோயா எண்ணெய் இறக்குமதி செய்கிறது. அதில் பெரும்பங்கு அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் இருந்து வருகிறது. அந்த இரண்டு நாடுகளிலும் விளையும் சோயா ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றப்பட்டது. களைக்கொல்லியைத் தெளித்தால் களை சாகும், சோயாச் செடி நிற்கும். அதற்காக மாற்றிய விதை. ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்கு இது ரகசியமே இல்லை. பாக்கெட்டை முகப்பிலிருந்து அடிவரை மறுபடி படித்தேன். நான் டிரம் டிரம்மாக எழுதித் தரும் அந்த விஷயம் பற்றி ஒரு சொல் இல்லை.

கடைத் தம்பியிடம் சொன்னேன். அவர் கல்லாவிலிருந்து தலையை எடுக்காமல், "தேதி பார்ப்பவர்கள் உண்டு அக்கா, விலை பார்ப்பவர்கள் உண்டு. மரபணு பார்ப்பது நீங்கள் ஒருவர்தான்" என்றார். பின்னால் நின்றவர் சிரித்தார். வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அன்றைக்கு வடை நன்றாகவே வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரவில் சட்டத்தைத் தேடிப் படித்தபோதுதான் முடிச்சு தெரிந்தது. 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த எடையளவு விதித் திருத்தம் ஒன்று இருக்கிறது. மரபணு மாற்றப்பட்ட உணவு உள்ள ஒவ்வொரு பொட்டலத்தின் முகப்பிலும் மேல்பகுதியில் 'ஜி.எம்.' என்று இரண்டு எழுத்து இருக்க வேண்டும் என்கிறது அது. இத்தனை ஆண்டில் அந்த இரண்டு எழுத்தை ஒரு பொட்டலத்திலும் நான் கண்டதில்லை. மறுபக்கம் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம். அதன் 22-ஆம் பிரிவு, இதற்கென விதி வகுத்து அனுமதித்தால் ஒழிய மரபணு மாற்றிய உணவை யாரும் தயாரிக்கவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்கிறது. அந்த விதி வரவில்லை. விதி இல்லாததால் அனுமதி இல்லை. அனுமதி இல்லாததால் அப்படி ஒரு பொருளே சந்தையில் இல்லை. இல்லாத பொருளுக்கு லேபிள் எதற்கு? எங்கள் ஊரில் இதைத்தான், வீட்டுக்குள் பாம்பு வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது என்பார்கள். டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2018-இல் கடைகளில் வாங்கிய 65 உணவுப் பொருட்களைச் சோதித்ததில் 32 சதவீதத்தில் மரபணு மாற்றத்தின் தடயம் இருந்தது. பாம்பு கதவைப் படிக்கவில்லை.

சோயாவைப் பாம்பு என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. ஏன் என்று பின்னால் வருகிறது.

இந்த விஷயத்தில் எங்கள் ஊரில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். ஊரே வாத்தியார் என்றுதான் அழைக்கும். 2010-இல் பி.டி. கத்தரிக்காய், அதாவது புழுவைக் கொல்லும் மரபணுவைச் சேர்த்த கத்தரி, சர்ச்சை ஆனபோது அவர் பெங்களூருக்குப் போய் வந்தவர். கதை பலருக்கு மறந்திருக்கும். 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் குழு அந்தக் கத்தரிக்குப் பச்சைக்கொடி காட்டியது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் முடிவெடுக்குமுன் மக்களைக் கேட்கிறேன் என்று ஏழு நகரங்களில் கூட்டம் வைத்தார். கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஐதராபாத், பெங்களூர். அந்தக் கத்தரியை உருவாக்குவதில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு இருந்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் ஒரு கூட்டம்கூட இல்லை. நமக்குப் பக்கத்தில் பெங்களூர்தான், பிப்ரவரி 6. வாத்தியார் விடியற்காலை பஸ் பிடித்து, 90 கிலோமீட்டர் போய், உள்ளே பேச முடியாத நெரிசலில் வெளியே நின்றுவிட்டு ராத்திரி திரும்பினார். மூன்றே நாளில், பிப்ரவரி 9 அன்று, அமைச்சர் கத்தரியைக் காலவரையின்றி நிறுத்தி வைத்தார். வாத்தியாரைக் கேட்டால் அன்றைக்கு அவர் வெளியே நின்றதால்தான் நிறுத்தப்பட்டது என்பதுபோலச் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும்; உள்ளே, வெளியே நின்ற எல்லோரும் சேர்ந்துதானே அது.

2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. உணவில் மரபணு மாற்றிய பொருள் 1 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. பொதுமக்கள் கருத்துச் சொல்ல 60 நாள். வரைவு தமிழில் இல்லை. கருத்தையும் அவர்கள் கொடுத்த கட்டத்துக்குள் எழுத வேண்டும்: எந்த விதி, என்ன மாற்றம், ஏன். இந்த மாதிரிக் கட்டங்களை நிரப்பித்தானே எனக்குச் சம்பளம்! வாத்தியாரிடம் போய், "ஐயா, நீங்கள் சொல்லுங்கள், நான் கட்டத்தில் போடுகிறேன்" என்றேன்.

அவர் சொன்ன முதல் வாக்கியத்திலேயே சண்டை வந்தது. "இந்த விஷ உணவை" என்று ஆரம்பித்தார். நான் பேனாவைக் கீழே வைத்தேன். விஷம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? விற்பனைக்கு வந்திருக்கும் சோயாவையும் மக்காச்சோளத்தையும் பல நாடுகளின் உணவு ஆணையங்கள் ஆராய்ந்து உண்ணத் தகுந்தது என்றே சொல்லியிருக்கின்றன. அந்த ஆராய்ச்சி போதுமா, யார் செய்தது, யார் காசில் செய்தது என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் என் கையில் சான்று இல்லாத ஒரு சொல்லைத் தாளில் எழுத எனக்கு வராது. 14 ஆண்டுப் பழக்கம். "நீ யார் பக்கம் அம்மா?" என்றார். "தாள் பக்கம் ஐயா" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார். விஷத்தை அடித்துவிட்டு 'தெரிந்து வாங்கும் உரிமை' என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். முகத்தில் இன்னும் கோபம் இருந்தது.

எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவில் 12 பேர். வாரக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் முடிந்தபின் வரைவைத் தமிழில் சொன்னேன். தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் நடுவில் கேட்டார்: "சாமான் செய்தவனுக்கு அதில் என்ன போட்டான் என்று தெரியும் இல்லையா? தெரிந்ததைச் சொல்ல என்ன கூச்சம்?" விதியின் எந்தப் பிரிவில் இதைப் போடுவது என்று யோசித்து, கடைசியில் 'ஏன்' என்ற கட்டத்தில் அப்படியே மொழிபெயர்த்துப் போட்டேன். அனுப்பியதில் எனக்குப் பிடித்த வரி அதுதான். தெருவில், ஆலையில், பால் சங்கத்தில் என்று சேர்த்து 43 பேர் சார்பில் அனுப்பினோம்.

என் சொந்தக் கடிதத்தில் நான் எழுதியது வேறு. அது என் தொழில் சார்ந்தது. சுத்திகரித்த எண்ணெயில் விதையின் மரபணுத் துணுக்கு ஏறக்குறைய மிஞ்சுவதில்லை. காய்ச்சி, வெளுத்து, வாசம் நீக்கி வரும்போது எல்லாம் போய்விடும். அதனால் ஆய்வகத்தில் சோதித்தால் ஒன்றும் தெரியாது. இதையே காரணமாக வைத்து அமெரிக்காவும் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் எண்ணெய்க்கு லேபிள் விலக்கு கொடுத்தன. ஐரோப்பிய ஒன்றியமோ 2004 ஏப்ரலிலிருந்து நேர்மாறாகச் செய்கிறது. சோதனையில் தெரிகிறதோ இல்லையோ, மரபணு மாற்றிய சோயாவிலிருந்து பிழிந்த எண்ணெய் என்றால் எழுதித்தான் ஆக வேண்டும். தெரியாமல் கலந்தது 0.9 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும் விலக்கு.

சோதனையில் தெரியாததை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்பவர்களை ஒருமுறை எங்கள் ஆலைக்கு அழைத்து வர ஆசை. கூழான பிறகு அது சந்தூர்ப் பழமா, ஜெகதேவிப் பழமா, பர்கூர்ப் பழமா என்று உலகத்தில் எந்த ஆய்வகமும் சொல்லாது. நான் சொல்வேன். லாரி வாசலில் நுழையும்போதே எடைச்சீட்டு. சீட்டில் தோட்டக்காரர் பெயர், ஊர், தேதி. பழுக்க வைக்கும் அறையில் அடுக்குக்கு ஓர் எண். கூழ் எடுக்கும்போது லாட் எண். டிரம் மூடியில் அதே எண். போன பருவத்தில் ஏதோ ஒரு நாள் அடைத்த ஏதோ ஒரு டிரம்மின் எண்ணைக் கொடுத்தால், அதற்குள் எந்தெந்த ஊர்ப் பழம் போனது என்று அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுப்பேன். இதற்கு நுண்ணோக்கி வேண்டாம். பேரேடு போதும். மாம்பழத்துக்கு முடிவது சோயாவுக்கு முடியாதா? கப்பலில் வரும் எண்ணெய்க்குத் தாள் இல்லாமலா துறைமுகம் உள்ளே விடுகிறது?

அண்ணன் மகன் வேளாண் பட்டப்படிப்பு படிக்கிறான். அவன் இந்தத் தொழில்நுட்பத்தின் பக்கம். எனக்கு அவனோடு வாதம் செய்வது பிடிக்கும், ஏனென்றால் கத்த மாட்டான். "அத்தை, எண்ணெய் எண்ணெய்தான். எந்தச் சோயாவிலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றே. வித்தியாசமே இல்லாத ஒன்றுக்கு லேபிள் ஒட்டினால் மக்கள் பயப்படுவார்கள். நல்ல தொழில்நுட்பம் கெட்ட பெயர் வாங்கும்" என்றான். பயப்படுவார்கள் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எதிரே மேஜையில் இருந்த கேக் பொட்டலத்தைக் காட்டினேன். முட்டை சேர்த்த கேக். பழுப்புக் குறி போட்டிருந்தது. முட்டை விஷம் என்பதற்காகவா அந்தக் குறி? யாருக்காவது நோய் வரும் என்பதற்காகவா? இந்த நாட்டில் கோடிக்கணக்கான பொட்டலங்களில் பச்சையும் பழுப்புமாகக் குறி போடுகிறோம். வாங்குகிறவருக்கு அது முக்கியம் என்ற ஒரே காரணத்துக்காக. பொருள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் குறி அது. ஆரோக்கியத்தைச் சொல்வது அல்ல. அவன் கேக்கை ஒரு வாய் தின்றுவிட்டு, "இது வேறு அத்தை" என்றான். எப்படி வேறு என்று இன்னும் சொல்லவில்லை.

என் அப்பாவுக்கு ஊத்தங்கரைப் பக்கம் இரண்டு ஏக்கர். பருத்தி போட்டவர். பி.டி. பருத்திக்கு 2002-இல் அனுமதி வந்து, சில ஆண்டுகள் கழித்து அவரும் மாறினார். இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான். பயிரிட அனுமதி பெற்று வயலுக்கு வந்த ஒரே மரபணு மாற்றுப் பயிரும் அதுவே. முதல் சில ஆண்டுகள் காய்ப்புழு மருந்துச் செலவு நன்றாகக் குறைந்தது என்று அப்பா இன்றும் சொல்வார். பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிக்கொண்டது. பழைய செலவு வேறு பெயரில் திரும்பி வந்தது. அப்போது விதைப் பாக்கெட் 450 கிராம். கூடவே 120 கிராமில் சாதாரண விதையும் ஒரு பொட்டலம் வந்தது. வயலின் ஓரத்தில் அதை விதைத்தால் புழு சீக்கிரம் பழகாது என்பது ஏற்பாடு. பலரைப் போல அப்பாவும் அதை விதைத்ததில்லை. "ஓரத்துக்கு யார் தண்ணீர் கட்டுவது?" இதில் குற்றத்தை முழுக்க விதைக்காரன் தலையில் கட்ட எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் அந்த விதைப் பாக்கெட்டை நான் பார்த்திருக்கிறேன். எந்த மரபணு, என்ன செய்யும், எப்படி விதைக்க வேண்டும் என்று உள்ளே தாள் தாளாக விவரம். விதைப்பவனுக்கு எல்லாம் சொன்னார்கள். அதே பருத்தியின் கொட்டை செக்குக்கும் ஆலைக்கும் போய் எண்ணெயாக வரும்போது விவரம் எங்கோ வழியில் உதிர்ந்துவிடுகிறது. மதுரைக்காரர்கள் பருத்திப்பால் குடிக்கிறார்களே, அதுவும் இந்தக் கொட்டையில்தான். அப்பாவின் மாடும் பருத்திக்கொட்டை தின்கிறது. 2021 ஆகஸ்டில் கோழித்தீவனத்துக்காக 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. நாமக்கல் கோழி தின்றால் முட்டையில் என்ன எழுதுவது என்று குழுவில் கேட்டார்கள். தீவனம் வழியாக வரும் பால், முட்டை, இறைச்சிக்கு ஐரோப்பாவிலும் இந்த லேபிள் கிடையாது. என் கோரிக்கையும் அவ்வளவு தூரம் போகவில்லை. முதலில் எண்ணெய்.

2022 அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கொண்டுபோனோம். தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் 40 நிமிடம் போனது. போகத்தான் வேண்டும், குழாயில் தண்ணீர் வராதவரிடம் போய் மரபணு பேசுவது எனக்கே கூச்சமாக இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். எண்ணெய், உணவுப் பொட்டலங்களில் மரபணு மாற்றிய மூலப்பொருள் இருந்தால் தமிழிலும் கண்ணுக்குத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்று வாசித்தேன். "இது ஊராட்சி விஷயமா?" என்று ஒருவர் கேட்டார். "ஊராட்சியில் யாரும் எண்ணெய் வாங்குவதில்லையா?" என்றார் எங்கள் தையல் அக்கா. கை தூக்கினார்கள். நிறைவேறியது.

தீர்மான நகலோடு மனு ஓர் அலுவலகத்துக்குப் போனது. ஏழு மாதம் கழித்து, தங்கள் கோரிக்கை சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது என்று பதில் வந்தது. அதற்குப் பின் சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பதில்: இது எங்கள் வரம்பில் இல்லாததால் முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. இரண்டையும் துளையிட்டு ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். இதற்கிடையில் 2022 நவம்பரில் திருத்திய வரைவு ஒன்று வந்தது. மறுபடியும் கட்டம் நிரப்பினோம். இந்த முறை வாத்தியார் விஷம் என்று சொல்லவில்லை. 'ஐயத்துக்குரிய' என்றார். அதையும் அடித்தேன்.

வர்த்தகத்தில் இதன் முகம் இன்னும் வேடிக்கை. 2020 ஆகஸ்டில் நம் ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. ஆப்பிள், மக்காச்சோளம், சோயா, பப்பாளி, உருளைக்கிழங்கு, தக்காளி உட்பட 24 பயிர்கள் இறக்குமதியாகும்போது மரபணு மாற்றப்படாதது என்ற சான்று கூடவே வர வேண்டும். 2021 மார்ச் முதல் நடைமுறை. அமெரிக்கா இதை வர்த்தகத்துக்குத் தேவையற்ற தடை என்று உலக வர்த்தக அமைப்பில் எதிர்த்தது. படித்தபோது சிரித்துவிட்டேன். அதே போன்ற தாளை மாம்பழத்துக்கு நாங்கள் ஆண்டுக்கணக்கில் அடித்துக் கொடுக்கிறோமே, எங்களுக்காக யார் போய் எதிர்ப்பது? நியாயமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல. எங்களிடம் கேட்பது வாங்கும் வணிகர். அங்கே கேட்டது அரசு. ஆனால் டைப் அடிப்பவளுக்கு இரண்டும் ஒரே தாள்தான். அமெரிக்காவிலேயே 2016-இல் லேபிள் சட்டம் இயற்றி, 2022 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். எழுத்துக்குப் பதில் கைபேசியில் ஸ்கேன் செய்யும் சதுரக் குறியைப் போட்டும் ஒப்பேற்ற அந்த விதி இடம் கொடுத்தது. எங்கள் குழுவில் 12 பேரில் 5 பேரிடம்தான் அப்படிப்பட்ட போன். அதில் இரண்டில் திரை உடைந்திருக்கிறது.

2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் மரபணு மாற்றிய கடுகு வழக்கில் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சஞ்சய் கரோல் இருவரும் அந்தக் கடுகுக்கு அரசு கொடுத்த அனுமதி பற்றி எதிரெதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். செய்தித்தாள்கள் அதைத்தான் எழுதின. ஆனால் இருவரும் ஒத்துப்போன பகுதி ஒன்று உண்டு. மரபணு மாற்றுப் பயிர்கள் குறித்து எல்லாத் தரப்பையும் கேட்டுத் தேசியக் கொள்கை வகுக்க வேண்டும். மரபணு மாற்றிய உணவு, குறிப்பாகச் சமையல் எண்ணெய், இறக்குமதியாகும்போது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் லேபிள் பற்றிய 23-ஆம் பிரிவைப் பின்பற்ற வேண்டும். குறிப்பாகச் சமையல் எண்ணெய்! வாத்தியார் வீட்டுத் திண்ணையில் அந்தப் பத்தியை இரண்டு தடவை வாசித்தோம். காப்பி ஆறிப்போனது. அவர், "எண்ணெயை முதலில் பிடிக்கச் சொன்னவள் நீதான் அம்மா" என்றார். அவர் வாயால் இப்படி ஒரு வார்த்தை வாங்க மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

மறுநாள் கடைக்குப் போய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பழைய பாக்கெட்தான்.

போன பருவத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து புதுக் கேள்வித்தாள் வந்தது. மாம்பழம் மட்டும் போதாது, கூழில் சேர்க்கும் சிட்ரிக் அமிலத்துக்கும் மரபணு உறுதித் தாள் வேண்டுமாம். சிட்ரிக் அமிலம் எலுமிச்சையிலிருந்து வருவதில்லை; சர்க்கரைப்பாகிலோ மக்காச்சோளச் சர்க்கரையிலோ ஒரு பூஞ்சையை வளர்த்து எடுப்பது. அதனால் மக்காச்சோளம் எப்படிப்பட்டது என்று கேட்கிறார்கள். அமிலம் விற்கும் நிறுவனத்துக்கு ஆலைப் பெயரில் ஒரு வரி எழுதினேன். இரண்டாம் நாள் கையெழுத்து, முத்திரையோடு தாள் வந்துவிட்டது. இரண்டே நாள்! அதே மாதம் எண்ணெய் நிறுவனம் ஒன்றுக்கு என் பெயரில், வீட்டு முகவரியில், 12 பேர் கையெழுத்தோடு எழுதியிருந்தேன். உங்கள் சோயா எந்த நாட்டுடையது, மரபணு மாற்றியதா என்று இரண்டே கேள்வி. அதற்கு எதுவும் வரவில்லை.

கணக்குப் பிரிவுத் தம்பி, "ஆலை லெட்டர்ஹெட்டில் எழுதுங்கள் அக்கா, உடனே வரும்" என்றார். மேலாளரிடம் போனேன். "நாம் எங்கே அம்மா எண்ணெய் வாங்குகிறோம்? கூழில் எண்ணெயா ஊற்றுகிறோம்?" என்றார். "கேன்டீனுக்கு வாங்குகிறோம் சார். சீசனில் மாதம் ஒன்பது டின், 15 லிட்டர் டின்." அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வாங்குகிறவர் கேட்கலாம் என்று நீங்கள்தான் சார் சொன்னீர்கள்" என்றேன். அவருக்கு நினைவில்லை. கையெழுத்துப் போட்டார்.

நான்காம் நாள் விநியோகஸ்தர் அலுவலகத்திலிருந்து ஒரு பையன் போன் செய்தான். மிகவும் மரியாதையாகப் பேசினான்.

"மேடம், கடிதம் பார்த்தோம். இது எந்த நாட்டு ஆர்டருக்கு?"

"எந்த நாட்டுக்கும் இல்லை தம்பி. இங்கே கேன்டீனில் நாங்கள் சாப்பிடுவதற்கு."

மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "கேட்டுச் சொல்கிறேன் மேடம்" என்றான்.

பேரேட்டில் தேதி போட்டு, 'பதில் நிலுவை' என்று எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நானே கூப்பிட வேண்டும்.